தோபியாவுடன் சென்ற நாய்

வேதாகமத்தில் நாய்க்கு நற்பெயர் மிகுதியாக இல்லை. தெருவில் அலைவது, எச்சிலைத் தேடுவது என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஏழை லாசரின் புண்களை நக்கிய நாய்களையும், மேசையினின்று விழும் துணுக்குகளைத் தின்னும் நாய்க்குட்டிகளையும் நற்செய்தியில் சந்திக்கிறோம். ஆயின், ஒரு குடும்பத்துப் பிள்ளையோடு நெடுவழி நடந்து, உறவினர் இல்லம் சேர்ந்து, அவனோடே வீடு திரும்பிய நாய் ஒன்றைத் தோபித்து நூலில் மட்டுமே காண்கிறோம். இளைஞன் தோபியா, வானதூதர் இரபேல் வழித்துணையாக நினிவேயினின்று மேதியா நாட்டுக்குப் புறப்படுகையில் நாயும் பின்னே செல்கிறது. எக்பத்தானாவில் உறவினராகிய இரகுவேலின் இல்லத்தில் திருமணம் முடிந்து அவன் திரும்பும்போதும் அதுவே பின்தொடர்கிறது. அதற்குப் பெயர் சொல்லப்படவில்லை. அது எந்த அற்புதமும் செய்யவில்லை. புனித எரோணிமுசின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் மாத்திரம், அந்நாய் முன்னே ஓடி, வாலை ஆட்டி, வீட்டாருக்கு நற்செய்தி கொணர்ந்ததுபோல் மகிழ்ந்தது என்றொரு குறிப்பு உண்டு. அந்நூலை ஒரே நாள் உழைப்பில் மொழிபெயர்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். அத்துணை அவசரத்திலும் நாயின் வாலுக்கு இடம் கிடைத்தது நமக்கு மகிழ்ச்சியே.

இதனை இப்பொழுது எழுதக் காரணம் உண்டு. கோடை விடுமுறை வந்தால் நம் கொங்குநாட்டுக் குடும்பங்கள் அப்புச்சி வீடு, அத்தை வீடு என்று புறப்பட்டுவிடும். முற்காலத்தில் நாயைப் பற்றிய கவலை எழவில்லை. தோட்டத்துச் சாளையில் யாரேனும் இருப்பர். நாயும் ஆட்டுப் பட்டிக்குக் காவலாக அங்கேயே கிடக்கும். இன்றோ நகரத்து வீட்டைப் பூட்டினால் உள்ளே ஒருவரும் இல்லை. ஆகவே நாயும் காரில் ஏறிக்கொள்கிறது.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், வால்பாறையில் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரியும் பெரியப்பா வீட்டுக்கு ஒரு வாரம் செல்லவிருந்தனர். “நாயையும் கூட்டிக்கிட்டுப் போலாமுங்களா, சாமி?” என்று நம்மிடம் கேட்டார் குடும்பத் தலைவர். “பெரியம்மாவைக் கேட்டீர்களா?” என்றோம். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். காருக்குக் காற்றடித்தாயிற்று, பலகாரம் சுட்டாயிற்று, பெரியம்மாவைத்தான் கேட்கவில்லை! விருந்துக்கு அழைத்தவர் நம்மை அழைத்தார். நாயை அழைத்தாரா என்பதை அறிந்துகொள்வது முதற்கடன். அவ்வீட்டில் தவழும் குழந்தை இருக்கலாம். நாயைக் கண்டு அஞ்சும் முதியவர் இருக்கலாம். முன்னரே ஒரு நாய் இருந்து, வந்த நாயோடு இரவெல்லாம் போர் தொடுக்கலாம். தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இனி வழியைப் பற்றி. பொள்ளாச்சியினின்று வால்பாறை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆழியாறுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். மனிதர்க்கே தலை சுற்றும் பாதையில், வயிறு நிறையச் சோறும் கறியும் தின்ற நாய் என்ன செய்யும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவை முடித்து, வழியில் தண்ணீர் மட்டும் கொடுப்பது நலம். காலைத் திருப்பலி கண்டு வெயிலுக்கு முன் கிளம்பினால் இன்னும் நன்று. உணவகத்தில் நாம் இட்டிலி உண்ணும் நேரத்தில் காரைப் பூட்டி நாயை உள்ளே விட்டுச் செல்வது பெருங்கொடுமை. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்திலேயே வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயர்ந்துவிடும். கண்ணாடியை விரற்கடை இறக்கிவைத்தால் போதும் என்பது வீண் நம்பிக்கை.

மலை ஏறியபின் வேறோர் ஆபத்து உண்டு. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடுகளால் சூழப்பட்டவை. அங்கே சிறுத்தைக்கு நாய் எளிய இரை. சமவெளி வழக்கப்படி இரவில் வாசலில் கட்டிப்போட்டால் காலையில் சங்கிலி மட்டும் எஞ்சலாம். நாயைத் தேடிவரும் சிறுத்தையால் அத்தெருவின் குழந்தைகளுக்கும் கேடு. இரவில் நாய் வீட்டுக்குள் இருக்கவேண்டும். அதற்கும் பெரியம்மாவின் சம்மதம் தேவை. காட்டுப்பக்கம் அவிழ்த்துவிடலும் ஆகாது. நாய்களிடமிருந்து காட்டு விலங்குகளுக்கும் நோய் தொற்றும். 1994ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள் இறந்தமைக்கு நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயே காரணமாக இருந்தது.

எல்லாவற்றினும் பெரிய செய்தி வெறிநோய். மேட்டுப்பாளையம் வழியே உதகைக்குச் செல்வோர் குன்னூரில் பாஸ்டர் நிலையத்தைப் பார்த்திருப்பர். 1907ஆம் ஆண்டில் அது தொடங்கப்பெற்றது. அதற்கு முன் தென்னாட்டில் வெறிநாய் கடித்தவர், இமயமலை அடிவாரப் பகுதியிலுள்ள கசௌலிக்கு நாள்கணக்கில் இரயிலில் செல்லவேண்டியிருந்தது. போய்ச் சேருமுன் காலம் கடந்துவிடும். 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் இட்ட ஊசி, இப்படித்தான் நம் மலைக்கு வந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் சில பாட்டிமார் நெஞ்சில் உண்டு. அம்மருந்தின் உற்பத்தி நம் நாட்டில் 2004ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோயிற்று. இப்பொழுது இடுவது கையில். அதுவும் சில ஊசிகளே.

“எங்கள் நாய் வீட்டு நாய், அதற்கு ஏது வெறி?” என்பார் பலர். போகும் ஊரில் அது எந்தத் தெருநாயோடு கடிபடும் என்று யார் அறிவார்? தடுப்பூசியைப் புறப்படும் முதல்நாள் ஓடிப்போய்ப் போடுவதில் பயன் சிறிது. முதல் ஊசியாயின் பாதுகாப்பு உண்டாகச் சில வாரங்கள் வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் தொடரவேண்டும். ஆதலின் விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே கால்நடை மருத்துவரைக் காண்க. அவர் தரும் அட்டையைத் துணிமணிகளோடு எடுத்துச் செல்க.

அன்பான பெற்றோரே, உறவினர் வீட்டுப் பிள்ளைகள் புது நாயைக் கண்டதும் கட்டிப்பிடிக்க ஓடிவருவர். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடலாகாது என்று முதல்நாளே சொல்லிவையுங்கள். அதையும் மீறிப் பல்லோ நகமோ பட்டுவிட்டால் சுண்ணாம்பும் காப்பித்தூளும் மிளகாய்ப்பொடியும் வைக்கவேண்டா. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். விருந்து கெட்டுவிடுமே என்று மறைத்துவைக்காமல், அன்றைக்கே பிள்ளையை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். நோய் வெளிப்பட்டபின் மருந்து இல்லை. ஊசி அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைக்கும். முதல் நாள் இட்டதோடு ஊருக்குத் திரும்பிவிட்டாலும் மற்றவற்றைக் கோவையில் தொடர்ந்து இட்டுக்கொள்ளலாம். சீட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.