விதியா? பழுதா?

கழிவுநீர்க் கிணற்றில் தொழிலாளி மாண்டால், "விதி முடிந்தது" என்கிறார்கள். விதியாம், விதி! எங்கே எழுதப்பட்டிருந்தது அது? அவன் தலையிலா? இல்லை, தோழர்களே! நீரேற்று நிலையத்துப் பராமரிப்புப் பதிவேட்டில், நிரப்பாமல் விட்ட பக்கங்களிலே இருந்தது!

இம்பெல்லரில் கந்தல் சிக்கும், கிரீஸ் இன்றிப் பேரிங் கொதிக்கும், பம்பு அதிரும். ஓசை கேட்டே பழுதை உணர்வான் மெக்கானிக். அவன் எழுதிக் கேட்ட உதிரிப்பாகம் வரத் தாமதம். ஆயுதபூசைச் சந்தனமும் குங்குமமும் மட்டும் தவறாமல் வரும்! பொட்டிட்டால் ஓடுமோ பம்பு? கற்பூரம் காட்டினால் கரையுமோ அடைப்பு?

பம்பு நிற்கிறது, கழிவு தேங்குகிறது, மனிதனை இறக்குகிறார்கள். எந்தச் சாதி மனிதனை என்று சொல்லவும் வேண்டுமோ? உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு! காற்றில் பத்து இலட்சத்தில் 100 பங்கு இருந்தாலே மோப்ப உணர்வை மழுங்கடிக்கும் நஞ்சு. "நாற்றமில்லை" என்று மூக்கு பொய் சொல்லும். வாயு அளக்கும் கருவியே மெய் சொல்லும்.

பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2014இல் 10 இலட்சமாக இருந்த இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2023இல் 30 இலட்சமாக்கியது. செத்தபின் தரும் அத்தொகையில் சிறு பகுதி போதாதா, சாகாமல் காக்க?

பேரிங்குக்குக் கிரீஸ் இடும் கை, சாதித் தளையையும் தளர்த்தும் கை. அந்தக் கைக்கு உதிரிப்பாகம் கொடு! வாயு அளக்கும் கருவி கொடு! மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டும் அதிகாரம் கொடு!

கிணற்றில் இறங்க வேண்டியது இயந்திரம், மனிதன் அல்லன்!