தட்டினால் போதும் என்றால் உச்சவரம்பும் வேண்டும்

பெட்ரோல் பங்க், மருந்துக் கடை, சூப்பர் மார்க்கெட் என எங்கும் இப்போது கார்டை மெஷின் மேல் காட்டினாலே பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 2015இல் ரூ.2,000 வரை ரகசிய எண் இல்லாமல் செலுத்த அனுமதித்த ரிசர்வ் வங்கி, அந்த வரம்பை 2021 ஜனவரி 1 முதல் ரூ.5,000 ஆக்கியது. வரிசை சீக்கிரம் நகர்கிறது. பக்கத்தில் நிற்பவர் ரகசிய எண்ணை எட்டிப் பார்க்கவும் வழியில்லை. இது தொடர வேண்டிய வசதி.

பேருந்து நெரிசலில் யாரோ மெஷினைப் பையருகே கொண்டுவந்து பணத்தை உருவிவிடுவார்கள் என்ற அச்சம் பரவலாக உள்ளது. சில சென்டிமீட்டர் நெருக்கத்தில்தான் கார்டும் மெஷினும் பேசிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் சிப் புதிய குறியீட்டை உருவாக்குவதால், பழையதைத் திருடி மறுபடி பயன்படுத்த முடியாது. பணம் போகும் வணிகர் கணக்கும் வங்கியில் பதிவானதே.

உண்மையான ஆபத்து, தொலைந்துபோன கார்டு. கண்டெடுத்தவர் ஒரு கடையில் ரூ.4,900க்கும் அடுத்த கடையில் ரூ.4,800க்கும் பொருள் வாங்கினால் ரகசிய எண் குறுக்கே வராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு முறைக்கு 50 யூரோ என்பதோடு, மொத்தம் 150 யூரோ அல்லது தொடர்ச்சியாக ஐந்து முறை என்ற எல்லையும் உண்டு. அதைத் தாண்டினால் அடையாளத்தை உறுதிப்படுத்தியாக வேண்டும். இங்கோ ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதை 2015 சுற்றறிக்கை வங்கிகளின் விருப்பத்துக்கு விட்டது. வாடிக்கையாளரின் பாதுகாப்பு வங்கிக்கு வங்கி மாறுவது சரியல்ல. எல்லா வங்கிகளுக்கும் பொதுவான மொத்த வரம்பை ரிசர்வ் வங்கி விதிக்க வேண்டும்.

தட்டிச் செலுத்தும் வசதியை நிறுத்தவும் இயக்கவும், வரம்பைக் குறைக்கவும் வாடிக்கையாளருக்கு வழி தர வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் ஸ்மார்ட்போனில் பழகாத ஓய்வூதியருக்கு அது ஏட்டளவில்தான். கார்டைக் கையில் கொடுக்கும்போதே எவ்வளவு வரம்பு வேண்டும் என்று கேட்டு அமைத்துத் தருவதை வங்கிக் கிளைகள் கடமையாகக் கொள்ள வேண்டும்.

கார்டு தொலைந்ததாகத் தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியையே சேரும் என்கிறது 2017ஆம் ஆண்டின் விதி. ஆகவே புகார் எண்ணில் உடனே ஆள் கிடைக்க வேண்டும். பதிவுசெய்த நேரம் குறுஞ்செய்தியாக வர வேண்டும். ரகசிய எண்ணை விலக்கியது வங்கிகளின் அமைப்பு. அதனால் வரும் இழப்பைச் சாமானியர் தலையில் கட்டக் கூடாது.