முடிவை மாற்றாத டெஸ்டுக்கு எதுக்குப் பணம்?

எந்த முடிவையும் மாற்றாத தகவலுக்குச் செலவு செய்யக் கூடாது. காமர்ஸ் படிக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். கணையப் புற்றுநோய் என்று வந்தால் மட்டும் இது மறந்துபோகிறதே, ஏன்?

எமரால்டில் தேயிலை பறிக்கும் ஒருவருக்கு இந்த நோய் என்று வைத்துக்கொள்வோம். பஸ் பிடித்து ஊட்டி, அங்கிருந்து மலை இறங்கிக் கோவை. கையில் நகையை அடகு வைத்த பணம். அவரிடம் "மாலிக்யூலர் மார்க்கர்" என்று ஒரு நீளமான டெஸ்ட் லிஸ்ட்டை நீட்டினால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: ரிசல்ட் வந்தால் மருந்து மாறுமா?

உதாரணத்துக்கு ஹென்ட்-1. ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்து செல்லுக்குள் நுழைய இந்தப் புரதம்தான் முக்கிய வாசல். வாசல் குறைந்தால் மருந்து வேலை செய்யாது என்பது கணக்கு. லாஜிக் பிரமாதம்! ஆனால் நோய் பரவிய 367 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான லீப் ஆய்வில், ஹென்ட்-1 கூடினாலும் குறைந்தாலும் ஜெம்சிடபின் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்தவர்களிடம் நடந்த எஸ்பாக்-3 ஆய்வின் மாதிரிகளைப் பார்த்தபோது (2014), ஹென்ட்-1 அதிகம் இருந்தவர்கள் ஜெம்சிடபினில் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். இரண்டிலும் பயன்படுத்திய ஆன்டிபாடியும் வேறு வேறு. எந்தத் தராசு சரி என்பதே முடிவாகாத சரக்குக்கு ஏழை ஏன் விலை கொடுக்கவேண்டும்?

"எவ்வளவு நாள் இருப்பார் என்றாவது தெரியுமே" என்பார்கள். மார்க்கர் சொல்வது கூட்டத்தின் சராசரி. கடனை அடைக்க, பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்யத் தேவையான அளவுக்கு ஸ்கேனும், மனம்விட்டுப் பேசும் டாக்டருமே சொல்லிவிட முடியும்.

அப்போ டெஸ்டே வேண்டாமா? வேண்டும், முடிவை மாற்றும் டெஸ்ட்! பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பிறவிக் கோளாறு இருந்தால் பிளாட்டினம் வகை மருந்துகளுக்கு நோய் நன்றாகக் கட்டுப்படும். 2019-ல் வந்த போலோ ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்கு ஒலாபரிப் கொடுத்தபோது நோய் வளராமல் இருந்த காலம் 3.8 மாதத்திலிருந்து 7.4 ஆனது. ஆயுளைக் கூட்டியதாக நிரூபணம் ஆகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே ரிசல்ட் பிள்ளைகளுக்கும் எச்சரிக்கை. இன்னொன்று டி.பி.ஒய்.டி. இதில் கோளாறு இருப்பவருக்கு 5-எஃப்.யூ. மருந்தை முழு டோஸில் ஏற்றினால் உயிரே போகலாம்.

இரண்டுக்கும் ரத்தம் போதும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 2025-ல் திறந்தாச்சு. அங்கே ரத்தம் எடுத்து, இந்த இரண்டு டெஸ்டையும் அரசு இலவசமாகச் செய்து தரட்டும். ரத்தக் குப்பி மலை இறங்கினால் போதுமே, நோயாளி எதற்கு இறங்கவேண்டும்?

முடிவை மாற்றாத மற்றதெல்லாம் ஆராய்ச்சி. ஆராய்ச்சி அவசியம்தான். அதற்கான பில் நோயாளி தலையில் விழக்கூடாது, அவ்வளவுதான்!