நோவை மறைப்பது பொறுமை ஆகாது



வீட்டில் ஒருவர் நோயுற்றால் மற்றவர் பணிவிடை செய்வது நாம் அறிந்த வழக்கம். கணவன், மனைவி இருவருமே நோயாளிகளாக இருந்தால் யார் யாருக்குப் பணிவிடை செய்வது? நாற்பது வயதைத் தாண்டிய எத்தனையோ இல்லங்களில் இன்றைய நிலை இதுதான். அவருக்குச் சர்க்கரை என்றால் இவருக்கு மூட்டு வலி. இவருக்கு ஆஸ்துமா என்றால் அவருக்கு இரத்தக் கொதிப்பு. ஒரு வாரத்தில் வந்து போகும் காய்ச்சல்கள் அல்ல இவை. ஆயுள் முழுவதும் கூடவே வருபவை.

இத்தகைய இல்லங்களைப் பற்றி இம்மாதம் எழுத எண்ணினேன். பிறர் கதையைச் சொல்லி உபதேசம் செய்வது எளிது. ஆகவே என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது 2016ஆம் ஆண்டு தெரிய வந்தது. அன்று முதல் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். என் மனைவிக்கு 2022இல் கைவிரல்களில் வலி தொடங்கியது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாதபடி ஓர் இறுக்கம். ஒரு மணி நேரத்திற்கு மேலான பிறகே கை வசத்திற்கு வரும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மதரஸாப் பணியும் சர்க்கரையும் சேர்ந்து என்னை வாட்டும்போது, தன் வலியையும் என் தலையில் ஏற்றுவானேன் என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காசு கொடுத்து, மருந்துக் கடையிலிருந்து வலி மாத்திரை வாங்கி விழுங்கி வந்தாள்.

நான் மறைத்தது அதைவிட மோசமானது. ரமலானுக்கு முன்பே வந்து மாத்திரையின் அளவை மாற்றிக் கொண்டு செல்லுமாறு டாக்டர் சொல்லியிருந்தார். போனால் நோன்பு வேண்டாம் என்று சொல்லி விடுவாரோ என்ற அச்சத்தில் நான் போகவில்லை. மனைவி கேட்டபோது, “டாக்டர் நோன்பு வைக்கலாம் என்று சொல்லி விட்டார்” என்றேன். பிள்ளைகளுக்கு மார்க்கம் போதிப்பவன் நோன்புக்காகப் பொய் சொன்னேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

2024ஆம் ஆண்டு ரமலான் பிறை 17. அன்றிரவு எங்கள் மஹல்லாப் பள்ளியில் பத்ருப் போரைப் பற்றி நான் பேச வேண்டும். அஸர் தொழுதுவிட்டு வீட்டில் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தேன். எழுத்துகள் மங்கின. உடம்பெல்லாம் வியர்த்தது; கை நடுங்கியது. இப்படி முன்பும் சில நாள்கள் நேர்ந்ததுண்டு. ஒவ்வொரு முறையும் “நோன்புக் களைப்பு” என்று சொல்லித் தப்பித்திருந்தேன். அன்றும் மனைவி வந்து கேட்டபோது எரிந்து விழுந்தேன். சிறிது நேரத்தில் என் பேச்சுக் குழறத் தொடங்கவே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“சர்க்கரை இறங்கி விட்டது. நோன்பை விடுங்க” என்றாள்.

“இன்னும் ஒரு மணி நேரந்தானே, மஃரிப் வரட்டும்” என்றேன்.

“நோயாளிக்குச் சலுகை உண்டு என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது நீங்கதானே? அல்லாஹ் கொடுத்த சலுகையை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?” என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் ஓடினாள்.

சீனி டப்பாவை அவள் தரையில் தட்டும் ஓசை கேட்டது. மீண்டும் மீண்டும் கேட்டது. டப்பாவின் திருகு மூடியை அவளால் திறக்க முடியவில்லை! எழுந்து போய்த் திறந்து கொடுக்க என்னாலும் முடியவில்லை. டப்பாவைத் தூக்கிக் கொண்டு அவள் பக்கத்து வீட்டுக்கு ஓட, அந்தப் பிள்ளை திறந்து கொடுத்தான். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்தார்கள். குடித்த கையோடு சோதித்தபோது இரத்தச் சர்க்கரை 54. பதினைந்து நிமிடம் கழித்து 92 ஆயிற்று. அந்தப் பிள்ளை வீட்டில் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நினைத்துப் பார்க்க இயலவில்லை.

அன்றிரவு நான் சொற்பொழிவுக்குப் போகவில்லை. அவள் கைகளை விளக்கின் அருகே வைத்துப் பார்த்தேன். இரு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. இரண்டு விரல்கள் வளையத் தொடங்கியிருந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் கை சமைத்ததைச் சாப்பிட்டவன், அந்தக் கையைப் பார்த்ததில்லை.

அது முடக்குவாதம் என்று மூட்டு நோய் மருத்துவர் கூறினார். வயதாவதால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளைத் தாக்கும் இந்நோய் வேறு. ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் பிடிக்கிறது. தொடக்கத்திலேயே உரிய மருந்தைத் தந்தால் மூட்டுகளைப் பெருமளவு காப்பாற்றலாம். வலி மாத்திரை வலியை அடக்குமே தவிர, மூட்டின் அழிவைத் தடுக்காது. நாள்பட உண்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரண்டாண்டுகள் மறைத்ததன் விலையாக, அந்த இரு விரல்களும் இனிப் பழையபடி நிமிரப் போவதில்லை.

வாசகர்களே! நாங்கள் இருவரும் மறைத்தது அன்பினால்தான். அதைப் பொறுமை என்றே நம்பினோம். ஆனால் அந்தப் பொறுமை ஒருவரை மயக்கத்தின் விளிம்பிலும் மற்றவரை ஊனத்தின் விளிம்பிலும் கொண்டு போய் நிறுத்தியது. பொறுமை என்பது விதியை நொந்து புலம்பாமல் இருப்பது. வாழ்க்கைத் துணையிடம் “எனக்கு வலிக்கிறது” என்று சொல்வது புலம்பல் ஆகாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தைப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலி தாங்காமல் வாய்விட்டுச் சொன்னபோது, நபியவர்கள் அதைக் கடிந்து கொள்ளவில்லை. தமக்கும் தலை வலிப்பதாகச் சொன்னார்கள். தம் இறுதி நோயின்போது ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் தங்கியிருக்க ஏனைய மனைவியரிடம் அனுமதி கேட்டுப் பெற்றார்கள். அன்னை அவர்கள் மிஸ்வாக் குச்சியை மென்று மிருதுவாக்கித் தர, அதைக் கொண்டு பல் துலக்கினார்கள். நோவைச் சொல்வதிலோ பணிவிடையை ஏற்பதிலோ அவர்கள் எந்தக் குறைவையும் காணவில்லை. நமக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

நான் பேசாமல் போன பத்ருச் சொற்பொழிவில் ஒரு செய்தியைச் சொல்வதற்காகக் குறித்து வைத்திருந்தேன். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) நடந்த அப்போரில் உஸ்மான் (ரலி) அவர்கள் கலந்து கொள்ளவில்லை. அவர்களின் மனைவியும் நபியவர்களின் மகளுமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். உடனிருந்து கவனிக்குமாறு நபியவர்களே பணித்தார்கள். போரில் கலந்து கொண்டவருக்குரிய நன்மையும் பங்கும் உஸ்மான் (ரலி) அவர்களுக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். ருகையா (ரலி) அவர்கள் அந்நோயிலேயே மறைந்தார்கள். நோயுற்ற மனைவியின் கட்டிலருகே இருப்பது பத்ருக் களத்தில் நிற்பதற்கு இணையாக மதிக்கப்பட்டதென்றால், மனைவிக்காகப் பாத்திரம் கழுவுவதை இழிவாக நினைக்கும் நாம் எங்கே நிற்கிறோம்?

அந்த ரமலானுக்குப் பின் எங்கள் வீட்டில் சில வழக்கங்களை ஏற்படுத்திக் கொண்டோம். உங்களுக்கும் பயன்படலாம் என்பதால் சொல்கிறேன்.

தினமும் மஃரிபுக்குப் பின் பத்து நிமிடம் சேர்ந்து உட்காருகிறோம். இன்று உடம்பு எப்படி என்று இருவரும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். “ஒன்றுமில்லை” என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

அவளால் முடியாததை என் கை செய்கிறது. எனக்குத் தெரியாததை அவள் கண் பார்க்கிறது. மூடிகளைத் திறப்பது, துணி பிழிவது, கனமான பாத்திரங்களை இறக்குவது என் வேலை. நாளடைவில் சர்க்கரை நோயாளியின் காலில் உணர்ச்சி குறையக்கூடும். முள் குத்தினாலும் தெரியாது. ஆகவே இரவில் என் பாதங்களைப் பார்த்து, புண்ணோ வெடிப்போ உண்டா என்று சொல்வது அவள் வேலை. சீனி இப்போது மூடி திருகாத கிண்ணத்தில் இருக்கிறது.

ஒருவருடைய மருந்தை மற்றவரும் அறிந்திருக்கிறோம். டாக்டரிடம் இருவரும் சேர்ந்தே போகிறோம். அவள் உண்ணும் ‘மெத்தோட்ரெக்ஸேட்’ மாத்திரை வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டியது. தவறுதலாகத் தினமும் உண்டால் உயிருக்கே ஆபத்தாகும். அந்நாளை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். என் இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை உடனே விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு மனப்பாடம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும் என்பதையும் இருவரும் தெரிந்து கொண்டோம்.

நான் காரணமின்றிச் சினந்தால் அவள் பதில் சொல்வதில்லை, சர்க்கரையைச் சோதிக்கிறாள். இறங்கிய சர்க்கரையும் கோபமாக வெளிப்படும் என்பது எங்களுக்கு அனுபவம் சொன்ன பாடம். வலி கூடிய நாளில் அவள் சிடுசிடுத்தால் நான் அடுப்படிக்குப் போய் விடுகிறேன்.

இன்னொன்றையும் கண்ணியத்தோடு சொல்ல வேண்டும். நீண்ட நாள் நோய் தாம்பத்தியத்திலும் தளர்ச்சியை உண்டாக்கலாம். ஒருவர் வெட்கத்தால் விலக, மற்றவர் தம்மை வெறுத்து விட்டதாக எண்ணி மறுகுகிறார். இதையும் மறைக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லத் தக்கதே இது.

செலவு தயக்கத்தைத் தரும் என்பதை நான் அறிவேன். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அம்மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வருவதற்காக ஏற்பட்டது. கேட்டுப் பயன் பெறுங்கள்.

2025ஆம் ஆண்டு ரமலானுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே இருவரும் டாக்டரைப் பார்த்தோம். என் மாத்திரை மாற்றப்பட்டது. வைக்க முடிந்த நோன்புகளை வைத்தேன். ஒரு நாள் பிற்பகலில் சர்க்கரை 66 ஆயிற்று. அவள் சொல்வதற்கு முன்பே நான் சீனித் தண்ணீர் கேட்டேன். அவள் கிண்ணத்தை எடுத்தாள். அந்த நோன்பைப் பின்னர் களாச் செய்தேன்.

சகோதரர்களே, சகோதரிகளே! இந்தப் பக்கத்தை மூடி வைத்ததும் உங்கள் துணையின் அருகே போய் உட்காருங்கள். “எங்கே வலிக்கிறது?” என்று கேளுங்கள். பிறகு உங்கள் வலியையும் சொல்லுங்கள்.

நோயுற்ற நம் இல்லங்கள் அனைத்திற்கும் வல்ல அல்லாஹ் ஷிஃபாவையும், ஒருவரை ஒருவர் தாங்கும் தெம்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.