மாசியில் அறுவடை: உளுந்து தெளிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஆறு மா சம்பா மாசி 12 வாக்கில்தான் அறுவடைக்கு வரும். அதற்கு முன் உளுந்து தெளிக்கலாமா? விதைக்குக் கடன்தான் வாங்க வேண்டும். சோயா போடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: அம்மா, இந்தப் பட்டத்துக்குக் கடன் வாங்கி விதை வாங்காதீர்கள். கணக்கைப் பாருங்கள்.

ஆடுதுறை 3 உளுந்துக்கு 70 முதல் 75 நாள். தை 5-ல் தெளித்தால் மாசி 10 வாக்கில் பூக்கும், பங்குனியில் வீட்டுக்கு வந்துவிடும். தரிசு உளுந்துக்கு நாம் தண்ணீர் வைப்பதில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும்தான் அதற்குத் தண்ணீர். நீங்கள் மாசி 5-ல் தெளித்தால் பூ வருவது பங்குனி 10. அதற்குள் பனி நின்று, நம் களிமண் வெடித்து வேரை அறுக்கும். வெயிலில் பூ கொட்டும். வெள்ளை ஈ பெருகி மஞ்சள் தேமலும் வரும். மேட்டூரை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம், வாய்க்காலை நம்ப முடியாது. நம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரும் உப்பு.

சோயா இன்னும் கஷ்டம். 85, 90 நாள் நிற்க வேண்டும், காய் முற்றும்போது ஈரம் கேட்கும். பகல் நேரத்தைப் பார்த்துப் பூக்கும் பயிர் அது. 1920-ல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் எழுதினார்கள்: பிலாக்ஸி என்ற சோயா ரகத்தை வெவ்வேறு நாளில் விதைத்தும் எல்லாம் செப்டம்பரில் ஏறக்குறைய ஒன்றாகவே பூத்தன. பிந்தி விதைத்த செடிக்கு வளர நாளே இல்லை. நம் பொன்மணி நெல்லும் அந்த ஜாதிதான். பிந்தி நட்டவர்களுக்குத் தெரியும். தவிர, உளுந்துக்கு உள்ள ரைசோபியம் சோயாவுக்கு உதவாது, அதற்கென்றே தனி உயிர் உரம் வேண்டும்.

மனசு கேட்கவில்லை என்றால், பள்ளமான ஒரு மாவில் மட்டும் நாலு கிலோ தெளியுங்கள், வீட்டில் விதை இருந்தால். மண் உருண்டை பிடிக்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அதுதான் மெழுகு பதம். அறுவடைக்கு டயர் வண்டி வேண்டாம், பெல்ட் வண்டி வரட்டும். முளைத்த செடி கொஞ்சமாவது மிஞ்சும். பூ எடுக்கும்போதும் 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் அடியுங்கள். ஒரு மாவுக்கு ஒன்றேகால் கிலோவை முதல் நாளே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் 65 லிட்டராக்கிக்கொள்ளுங்கள்.

மற்ற ஐந்து மாவைக் கோடை மழையில் உழுது போடுங்கள்.

உண்மையில் உங்கள் உளுந்துப் பட்டம் புரட்டாசியிலேயே போய்விட்டது. 2024-ல் மேட்டூர் ஜூன் 12-க்குப் பதில் ஜூலை 28-ல் திறந்தபோதும் கடைமடையில் பலருக்கு இதே சிக்கல். தை 10-க்குள் அறுக்க வேண்டுமானால் 135 நாள் ரகத்தை ஆவணிக்குள் விதைத்தாக வேண்டும். புரட்டாசி பாதி தாண்டினால் கோ 51, ஆடுதுறை 53 போன்ற 110 நாள் ரகத்துக்கு மாறுங்கள். நெல்லில் ஓரிரு மூட்டை குறையலாம். உளுந்து அதை ஈடுகட்டும். ஆடி மாதமே விரிவாக்க மையத்தில் விதை இருப்பைக் கேட்டு வையுங்கள்.