எதிர்வீட்டுப் பெரியவரின் பழைய ஆம்ப்



போன வாரம் நான் போட்ட படத்தில் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், அமெரிக்கா போய் மைக்செட் கடை வைத்துவிட்டீர்களா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். சென்னையில் கிட்டார் வாசிக்கும் இன்னொரு தம்பி, "அது டிரான்சிஸ்டர் ஆம்ப், அதில் உயிர் இருக்காது, வால்வு ஆம்ப் என்றால்தான் பழசுக்கு மதிப்பு" என்று தீர்ப்பே எழுதிவிட்டான். அவனுக்குப் பதில் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

டென்னசியில் மகள் வீட்டுக்கு எதிரே ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பார். கிட்டார் என்றதும் நீங்கள் நினைப்பது இல்லை. நாலு காலில் நிற்கும் குறுகிய மேசை போல இருக்கும், பத்துக் கம்பிகள். இடக்கையில் வழவழப்பான இரும்புத் தண்டு, வலக்கையில் நகமாட்டி, இடக்காலுக்குப் பெடல்கள், முழங்காலுக்குத் தள்ளுகோல்கள். முதன்முதலில் பார்த்தபோது, வீணைக்கும் தையல் மெஷினுக்கும் பிறந்த பிள்ளையோ என்று தோன்றியது. இதன் மூதாதை ஹவாய்த் தீவில் பிறந்த கிட்டார்தான். அதே வழி இந்தியாவுக்கு வந்து பிரிஜ் பூஷண் காப்ரா கையில் ராகம் பாடியது என்று பெரியவரிடம் சொன்னேன். அன்றே போனில் தேடிக் கேட்டார்.

அவருடைய ஆம்ப் பீவி கம்பெனியின் செஷன் 400. 1970களில் வாங்கியது. இந்த வருஷம் அது "ம்ம்ம்" என்று இரைய ஆரம்பித்தது. ஒரு கடையில், "ரிப்பேர் செலவுக்குப் பெட்டி பெறாது, தூக்கிப் போடுங்கள்" என்றார்களாம். மகன் கைக்கு அடக்கமாகப் புதிது வாங்கித் தந்தார். அதில் நாற்பது விதமான சத்தம் வரும். பெரியவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டு மாதமாக வாசிக்கவே இல்லை. என் மருமகனும், "மகன் செய்ததுதான் சரியான கணக்கு, அத்தை" என்றார்.

எனக்கு அது சரியென்று படவில்லை.

தம்பி, வால்வு ஆம்பை நீங்கள் கொண்டாடுவது எதற்கு? சக்திக்கு மீறி முடுக்கினால் அது சத்தத்தை மெதுவாகக் கரகரப்பாக்கும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அந்தக் கரகரப்பு அழகு. ஸ்டீல் வாசிப்பவருக்கோ அது பகை. இரண்டு மூன்று கம்பிகள் சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகும்போது கரகரப்பு நுழைந்தால் எல்லாச் சுரமும் கூழாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. அவருடைய வலக்கால் எப்போதும் வால்யூம் பெடலில்தான் இருக்கும். மீட்டும்போது பெடலைப் பாதியில் வைத்திருப்பார். நாதம் தேயத் தேயக் காலை அழுத்திக்கொண்டே போவார். அதனால்தான் அந்த இசை மூச்சு விடாமல் அழுவது போல இருக்கிறது. அதற்கு ஆம்பில் சக்தி மிச்சம் இருக்க வேண்டும். செஷன் 400-இன் 200 வாட் ஊரைக் கூட்டுவதற்கு அல்ல, சுத்தமாக ஒலிப்பதற்கு. அதற்கேற்ப ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். வால்வில் பேர்போன ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் 85 வாட்தான். (அதுவே போதும் என்று சத்தியம் செய்யும் ஸ்டீல் கலைஞர்களும் உண்டு. அவர்கள் காது அவர்களுக்கு.) ஹார்ட்லி பீவி 1965-இல் மிசிசிப்பியின் மெரிடியன் ஊரில் தொடங்கிய கம்பெனி அது. பின்னால் வந்த நாஷ்வில் 400-ம் ஸ்டீல்காரர்களுக்கென்றே செய்ததுதான். வால்வு வாங்கக் காசில்லாதவர்கள் டிரான்சிஸ்டர் வாங்கினார்கள் என்று நினைத்துவிடாதே.

இரைச்சலுக்கு வருவோம். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் இடத்தில் பெரிய மின்தேக்கிகள் இருக்கும், வகுப்பில் படம் போட்டிருக்கிறேன். நாற்பது வருஷத்தில் அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துபோகும். உடனே மின்சாரத்தின் அலை பாட்டுக்குள் கசியும். இங்கே 60 ஹெர்ட்ஸ், திருத்தியபின் 120. நம்மூரில் 50, திருத்தியபின் 100. அவ்வளவுதான் வியாதி. (ஆர்வத்தில் யாரும் வீட்டில் திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கி அடிக்கும்.) அடுத்த ஊரில் ஓய்வுபெற்ற டெக்னீஷியன் ஒருவரை மகள் தேடிப் பிடித்தாள். மின்தேக்கிகளை மாற்றினார், திருகு குமிழ்களைச் சுத்தம் செய்தார், விட்டுப்போன பற்றவைப்பைச் சரிசெய்தார். புது ஆம்பின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

மகன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது: கனம். இந்த வயதில் அப்பா தூக்கினால் முதுகு போய்விடும். அதையும் டெக்னீஷியனே தீர்த்துவைத்தார். ஆம்பைத் தனிப் பெட்டியிலும் ஸ்பீக்கரைத் தனிப் பெட்டியிலும் பிரித்து வைத்தார். இப்போது பெரியவர் இரண்டு நடையாகத் தானே எடுத்து வருகிறார்.

நான் ஏன் இதில் இவ்வளவு மூக்கை நுழைத்தேன் என்று மகள் கேட்டாள். எங்கள் வீட்டில் அப்பாவின் வால்வு ரேடியோ இருந்தது. போட்டால் சூடேறி முனகிவிட்டுத்தான் பாடும். ஒருநாள் அது இரைந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, கையில் சம்பளம். புது டிரான்சிஸ்டர் வாங்கி வைத்துவிட்டு, பழையதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சாயங்காலச் செய்தி கேட்க அவர் டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார். அதுவும் இதே மின்தேக்கி வியாதியாகத்தான் இருந்திருக்கும். சரிசெய்ய நாலு காசுகூட ஆகியிருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வாசலில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் வாசித்தார். மருமகன் நாற்காலி எடுத்துப்போட்டுக் கேட்டார், கணக்கைப் பற்றிப் பேசவில்லை. என் போனில் பதிவு செய்திருக்கிறேன். உயிர் இல்லை என்று எழுதிய தம்பி, உனக்கு மட்டும் தனியாக அனுப்புகிறேன். ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்