யார் வீட்டுச் சாவுக்கு அழுகிறாள்?

சென்ற மாதம் தபாலில் ஒரு நாவல் கைப்பிரதி வந்தது. முந்நூறு பக்கத்துக்கு மேல். அமானுஷ்யத் திரில்லர் என்று முகப்பிலேயே அச்சிட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில், ஐரிஷ் பான்ஷி தொன்மத்தைத் தழுவியது. எழுதியவர் ஈக்காட்டுத்தாங்கலில் அறை எடுத்துத் தங்கி இரவுப் பணிக்குப் போகிற இளைஞர். ஆசிரியர் குழுவில் மூத்தவர் ஒருவர் அட்டையைப் பார்த்ததுமே, “நமக்கெதுக்குய்யா பேய்க்கதை? மாத நாவல்காரங்களுக்கு அனுப்பச் சொல்லு” என்றார்.

சிற்றிதழ்க்காரர்களுக்குப் பேய் என்றாலே ஒரு கூச்சம் உண்டு. பள்ளி நாட்களில் பாடப்புத்தகத்துக்குள் பி.டி. சாமியின் பேய்க்கதைகளை ஒளித்து வைத்துப் படித்தவர்கள்தாம் நாமெல்லாம். பிறகு வளர்ந்து, காஃப்காவைப் படித்து, அதை மறந்துவிட்டோம். ஆனால் நமக்கெல்லாம் முன்னோடியான புதுமைப்பித்தன் கூசவில்லையே. ‘காஞ்சனை’யில் பயம் காது வழியாகக்கூட வராது, மூக்கு வழியாக வரும். கதவைச் சாத்தினாலும் நிற்காத ஒன்று வாசனைதான் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2020இல் இந்தியப் பேய் பிசாசுகளுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. தமிழில் அப்படி ஒன்று இன்னும் இல்லையே என்ற ஏக்கத்தோடுதான் கைப்பிரதியைப் பிரித்தேன்.

கதை இது. அடையாற்றங்கரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண் அழுகிறாள். அழுகை கேட்ட மூன்றாம் நாள் ஒரு வீட்டில் சாவு விழுகிறது. நாயகன் கணினி நிறுவன ஊழியன். பணி முடிந்து வாடகைக் காரில் வந்து இறங்கும்போது பாலத்தடியில் அவளைப் பார்க்கிறான். செம்பட்டை முடியை வாரிக்கொண்டிருக்கிறாள். உடம்பில் தலையோடு மூடிய சாம்பல் நிறக் கம்பளி மேலங்கி. சித்திரை மாதம்!

நடை நன்றாகவே இருந்தது. லிஃப்ட் நின்றுபோன இரவில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு டிவி அணைவதைப் படிக்கட்டில் நின்றபடி அவன் கேட்கிற அத்தியாயத்தில் எனக்கே முதுகு சில்லிட்டது. ஆனாலும் அந்தப் பெண் யாரென்று கடைசிப் பக்கம் வரை தெரியவில்லை. தொலைபேசியில் கேட்டேன்: “தம்பி, அவ யாரு வீட்டுப் பொம்பள?” கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார்: “சார், எங்க ஏரியால சாவுக்கு யாரும் சத்தமா அழறதே இல்ல சார். அதான் அயர்லாந்துலேர்ந்து கூட்டியாந்தேன்.”

இந்தத் தலையங்கம் அந்தப் பதிலால் வந்தது.

அயர்லாந்துக்காரர்களுக்கு அவள் யார் வீட்டுப் பெண் என்பதில் குழப்பமே கிடையாது. பான் ஷீ என்றால் மேட்டுப் பெண், அதாவது தேவதைகள் குடியிருப்பதாக நம்பப்படும் மண்மேட்டைச் சேர்ந்தவள். கண்ட வீட்டுக்கும் அவள் அழமாட்டாள். பெயருக்கு முன்னால் ‘ஓ’, ‘மக்’ போட்டுக்கொள்ளும் பழைய ஐரிஷ் குடிகளுக்கு மட்டுமே அழுவாள் என்பது வழக்கு. ஓ பிரையன் வம்சத்துக்கு ஈவல் என்பவள். குளோன்டார்ஃப் போருக்கு முதல் நாள் பிரையன் போரு மன்னனிடம் நாளைக்கு நீ திரும்பமாட்டாய் என்று சொன்னவள் அவள்தான் என்பார்கள். அந்தப் போர் நடந்தது 1014இல். நம் ராஜராஜன் மறைந்ததும் அதே 1014. அவனுக்காக முன்கூட்டி அழுதவள் யாரென்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. நம் கல்வெட்டுகள் நிலத்தையும் விளக்கையும் ஆட்டையும் கணக்கெடுக்கும், அழுகையை எடுக்காது.

முக்கியமான விஷயம், பான்ஷி யாரையும் கொல்வதில்லை. சாவைச் சொல்லுகிறாள், அவ்வளவுதான். பட்ரீஷியா லைசட் 1986இல் அவளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு நூலின் தலைப்பிலேயே அவளுக்குச் சாவுத் தூதுவள் என்றுதான் பெயர். அவள் கோபப்படுவது சீப்பை எடுத்தால் மட்டும். வழியில் கிடக்கிற சீப்பை எவனாவது எடுத்துவந்துவிட்டால் இரவில் ஜன்னலுக்கு வந்து கேட்பாள். கையால் கொடுக்கக் கூடாது, அடுப்பு இடுக்கியில் பிடித்து நீட்ட வேண்டும். இழுத்துக்கொண்டு போனபின் பார்த்தால் இடுக்கி முறுக்கிக் கிடக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் தலைவிரித்து வாராதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த நாட்டுக்கதை அந்நியமாகப் படாது. திரில்லர் நாவல்களும் படங்களும்தான் பாவம் அவளைக் கொலைகாரியாக்கிவிட்டன. நமது கைப்பிரதியும் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அதைச் செய்கிறது.

சாவை முன்கூட்டிச் சொல்ல நம்மிடம் ஆள் இல்லையா என்ன? சாமக்கோடாங்கி இருந்தாரே. நடுச்சாமத்தில் மயானத்துப் பூசை முடித்து, தெருவில் ஒவ்வொரு வாசலாக நின்று குடுகுடுப்பையை அடித்து, இந்த வீட்டில் இன்னது நடக்கும் என்று சொல்லிக்கொண்டே போவார். அந்நேரத்தில் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. விடிந்தபின் வந்து பழைய துணியும் அரிசியும் வாங்கிப் போவார். அவருக்கும் பான்ஷிக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அவரிடம் பரிகாரம் உண்டு, இவளிடம் கிடையாது. அந்தக் குடுகுடுப்பைச் சத்தத்தைப் பாரதி எடுத்து ‘புதிய கோணங்கி’யில் நாட்டுக்கு நல்ல குறியாக மாற்றிவைத்தார். இருந்தாலும் கோடாங்கி சொல்லுவாரே தவிர அழமாட்டார். நம் ஊரில் அழுவது பெண்கள் வேலை.

ஆனால் அழுகிற பெண்ணைப் பற்றித் தமிழ் என்ன சொல்லி வைத்திருக்கிறது? பொய்யாக அழுதால் நீலிக்கண்ணீர். ஒட்டாமல் வேலை செய்தால் கூலிக்கு மாரடிப்பது. இரண்டையும் நாம் தினமும் யோசிக்காமல் சொல்கிறோம். அந்த இரண்டு வசைக்குள்ளும் ஆளுக்கொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

முதலாமவள் நீலி, பழையனூர்க்காரி. சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற தடத்தில் திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர். கதை தெரிந்ததுதான். கணவன் கையால் செத்தவள் பேயாகி, அவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறந்து வரும்போது பின்தொடர்கிறாள். கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபையில் நின்று, இவர் என் புருஷன், என்னை விட்டு ஓடுகிறார் என்று அழுகிறாள். அவனிடம் காப்புக்கு இருந்த வாளையும் வாங்கி வைத்துவிட்டு, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வேளாளர் எழுபது பேர் வாக்குக் கொடுக்கிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் தீக்குளித்து வாக்கைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்குப் புகழ் வந்தது, அவளுக்கு வசை வந்தது. கொல்லப்பட்டவள் அவள் என்பது கதையின் முதல் வரியில் இருக்கிறது, பழமொழியில் இல்லை. சமணர்கள் மட்டும் அவளை வேறு மாதிரி எடுத்தார்கள். நீலகேசியில் அந்தப் பேய் முனிவரிடம் தோற்று, சமயம் கற்று, ஊர் ஊராகப் போய் வாதில் வெல்கிறது. ஒரு பேய்க்குப் பகுத்தறிவுக் கல்வி கொடுத்த காப்பியம் வேறெங்கும் உண்டா, தெரியவில்லை. அதே ஆலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்று, சுடுகாட்டைக் கண்ணால் பார்த்து எழுதியதும். அழுகைக்கும் பேய்க்கும் பாட்டுக்கும் இவ்வளவு பக்கத்தில் ஓர் ஊர் இருக்க, நம்மவர் டப்ளினுக்கு டிக்கெட் போட்டது எனக்கு வருத்தம்தான்.

இரண்டாமவளுக்கு ஊர் பேர் இல்லை. கூலிக்கு ஒப்பாரி வைக்க வந்தவள். பல ஊர்களில் அவளுக்குக் கூலிகூடக் கிடையாது. பண்ணையார் வீட்டில் சாவு என்றால் சேரியிலிருந்து பெண்கள் வந்து மாரடித்து அழுதாக வேண்டும், அது கடமை. அந்தப் பெண்கள் சும்மா அழவில்லை. செத்தவரின் பெருமையைப் பாடும்போதே, பங்கு கொடுக்காத அண்ணனையும் வாய்க்கரிசிக்கு மட்டும் வந்து நிற்கிற மச்சினனையும் சாடையாக இழுத்துவிடுவார்கள். எந்தச் சபையிலும் பேச முடியாதவர்கள் பிணத்தின் தலைமாட்டில் மட்டும் பேசினார்கள். நா. வானமாமலை தமிழர் நாட்டுப்பாடல்களைத் தொகுத்தபோது ஒப்பாரியையும் சேர்த்தே தொகுத்தார்.

அயர்லாந்திலும் இதே கதைதான். அங்கும் கூலிக்கு அழும் பெண்கள் இருந்தார்கள், பிணத்தைச் சுற்றி அவர்கள் பாடியதற்குக் கீனிங் என்று பெயர். பாதிரிமார்கள் நூற்றாண்டுக் கணக்கில் கண்டித்தே அதை ஓயவைத்தார்கள். 1773இல் சுட்டுக் கொல்லப்பட்ட கணவன் ஆர்ட் ஓ லியரிக்காக ஐலீன் துவ் பாடிய இரங்கற்பா ஒன்று மட்டும் வாய் வாயாக வந்து ஐரிஷ் இலக்கியத்தின் பெரிய கவிதையாக நிற்கிறது. பாரி மகளிரைக் கையறுநிலையில் வைத்துப் போற்றுகிற நமக்கு அது புரியும். என் ஊகம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டு வாசலில் அழுத பெண்களை விரட்டியபின் அந்தச் சத்தம் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டது. அதற்கு நாம் பேய் என்று பெயர் வைத்தோம். நம் சினிமாவிலும் பாருங்கள், 1963இன் ‘நெஞ்சம் மறப்பதில்லை’, 1966இன் ‘யார் நீ?’ இரண்டிலும் ஆளுக்கு முன்னால் குரல்தான் வருகிறது. ‘யார் நீ?’யில் வெள்ளைப் புடவையில் வந்த ஜெயலலிதாவின் பெயர் தாங்கிய தொலைக்காட்சியின் அலுவலகம் ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கிறது என்பது இந்தத் தலையங்கத்துக்குத் தேவையில்லாத தகவல், விட மனமில்லை.

ஈக்காட்டுத்தாங்கலுக்கே வருவோம். தாங்கல் என்றால் சின்ன ஏரி. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்தப் பகுதி லேத்துப் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தது. பிறகு கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. 2015 ஜூன் 29ஆம் தேதி தலைக்கு மேலே மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு, அடையாறு கரையோர வீடுகளுக்குள் ஏறியது. ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை என்று வரிசையாக. உறங்கிக்கொண்டிருந்தவர்கள் பாய் நனைந்துதான் எழுந்தார்கள். அன்றைக்கு ஒரு சாமக்கோடாங்கி வரவில்லை, ஒரு பெண் பாலத்தடியில் நின்று அழவில்லை. ஒருத்தி அழுதிருந்தால் எத்தனையோ பேர் மாடிக்கு ஏறியிருப்பார்கள். கைப்பிரதியில் அடையாறு எல்லா அத்தியாயத்திலும் ஓடுகிறது, 2015 என்ற எண் ஓரிடத்திலும் இல்லை. அந்த இளைஞர் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாராம், வேறு மாவட்டத்தில்.

அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அடுக்குமாடியில் சாவு என்றால் குளிர்பெட்டி லிஃப்ட்டுக்குள் நுழையாமல் படிக்கட்டில் ஏறும், வாட்ஸாப்பில் ஒரு செய்தி வரும், தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள். அதில் மட்டும்தான் கண்ணீர். மதியத்துக்குள் கண்ணம்மாபேட்டை மயானம் போய்த் திரும்பிவிடுவார்கள். சத்தம் போட்டு அழுதால் பக்கத்து வீட்டில் இரவுப் பணி முடித்துத் தூங்குகிறவர் இருப்பார். அந்த இளைஞரே அப்படித் தூங்குகிறவர்தான். வடசென்னையில் இன்னும் மரண கானா இருக்கிறது, தப்பட்டை இருக்கிறது, விடிய விடியப் பாடுகிறார்கள். தெற்கே வர வர ஊமையாகிவிட்டோம்.

கைப்பிரதியைத் திருப்பி அனுப்பவில்லை. மூன்று விஷயம் மட்டும் எழுதிக் கேட்டேன். மேலங்கியைக் கழற்றிவிடுங்கள். அவளைக் கொலை செய்ய வைக்காதீர்கள். அவள் அழுவதற்கு ஒரு வீட்டைக் காட்டுங்கள், அந்த வீடு குடியிருப்பின் பத்திரப் பதிவில் இல்லாததாக இருந்தாலும் பரவாயில்லை. பத்து நாள் கழித்து ஒரே ஓர் அத்தியாயம் வந்தது. கட்டடத்தின் அடித்தளத்தில், கார்கள் நிற்கிற இடத்தில், சுவரில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் இரண்டு முறை வெள்ளையடித்தும் போகவில்லை. காவலாளியின் மனைவி அந்தக் கறைக்கு முன்னால் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருக்கிறாள்.

அந்த அத்தியாயம் இந்த இதழின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. எதிர்ப்பவர்கள் எழுதுங்கள், சந்தா அனுப்பாதவர்கள் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.